கேள்வி பதில்: நாடு போன பிறகும் நிலைத்த பத்திரிகைகள்

கேள்வி: தாத்தா வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு கட்டு 'சோவியத் நாடு' இதழ்கள் கிடைத்தன. அந்த நாடே இல்லாமல் போய்விட்டது, அங்கே வந்த பத்திரிகைகளும் நின்றுவிட்டனவா? பிளஸ் ஒன் படிக்கும் என் மகனுக்குப் பயன்படும்படி அவற்றில் ஏதாவது உண்டா?
– ஒரு வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: முதலில், அந்தக் கட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள் சகோதரி. நான் வேலந்தாவளம் பக்கம் படித்தவன். ஜூனில் பள்ளி திறந்தால் எங்கள் புத்தகங்களுக்கெல்லாம் சோவியத் நாடுதான் அட்டை. வழவழவென்று கெட்டித்தாள், மழைத்துளி பட்டால் துடைத்துவிடலாம், ஆனால் பேனாவால் பெயர் எழுதினால் மை விரலோடு வந்துவிடும். என் கணக்குப் புத்தகத்தின் மேல் வருடம் முழுக்க ஒரு கோதுமை வயல் இருந்தது.

சரி, கேள்விக்கு வருகிறேன். சோவியத் நாடு இதழைத் தமிழ், மலையாளம் என்று நம் மொழிகளில் நமக்காகவே சோவியத் தூதரகம் வெளியிட்டது. 1991-இல் அந்த அரசு போனதும் அதுவும் போயிற்று. ரஷ்யர்கள் சந்தா கட்டி வாங்கிப் படித்த பத்திரிகைகளின் கதை வேறு, அவற்றில் பல பிழைத்துக்கொண்டன. 'உலகைச் சுற்றி' என்று பொருள்படும் வக்ரூக் ஸ்வேத்தா 1861-இல், ஜார் காலத்திலேயே தொடங்கியது, நடுவில் சில முறை நின்று மறுபடி வந்தது. எழுத்தாளர் சோல்செனித்சினின் சிறைமுகாம் கதையை 1962-இல் துணிந்து வெளியிட்ட நோவி மீர் என்ற இலக்கிய மாத இதழ், 1925-இல் பிறந்தது.

இவற்றுக்குப் பெரிய அடி 1992 ஜனவரியில் விழுந்தது. ரஷ்ய அரசு விலைக் கட்டுப்பாட்டை எடுத்ததும் காகிதம், அச்சுக்கூலி, தபால் எல்லாம் எகிற, மாதச் செலவுக்கே திண்டாடிய குடும்பங்கள் முதலில் வெட்டியது பத்திரிகைச் சந்தாவைத்தான். 1990-இல் 25 லட்சம் பிரதிக்கு மேல் போன நோவி மீர் சில ஆயிரத்துக்கு இறங்கியது. 30 லட்சத்தைத் தாண்டியிருந்த 'அறிவியலும் வாழ்க்கையும்' (ரஷ்யப் பெயர் நவூகா இ ழீஸ்ன்) பல ஆயிரங்களுக்குச் சுருங்கியது. ஆனாலும் இரண்டும் கடையை மூடவில்லை. அரசியல் சூட்டில் 40 லட்சத்துக்கு மேல் விற்ற அகன்யோக் என்ற வார இதழோ, அச்சில் 2020 கடைசியோடு நின்றது. ஊர் பரபரக்கும்போது வாங்குகிறவர்களை விட, வீட்டில் ஒரு ஆளைப் போல வைத்துக்கொள்கிறவர்களே ஒரு பத்திரிகையைக் காப்பாற்றுகிறார்கள் என்று நான் நம்புகிறேன்.

முர்சில்காவைப் பாருங்கள். 1924 மே மாதம் வந்த குழந்தைகள் பத்திரிகை, நூறு வயதைத் தாண்டிவிட்டது. மஞ்சள் நிறத்தில் புசுபுசுவென்று ஒரு உருவம், தலையில் சிவப்புத் தொப்பி, கழுத்தில் துண்டு, தோளில் கேமரா. 1937-இல் கனேவ்ஸ்கி என்ற ஓவியர் வரைந்தது. பாட்டி பார்த்த அதே முகத்தைப் பேரன் பார்க்கிறான் என்றால், எந்த அரசு மாறினால் என்ன!

அப்புறம் உங்கள் மகனுக்கு. 1970 ஜனவரியில் கிகோயின் என்ற இயற்பியலாளரும், கணித மேதை கல்மகோரொவும் பள்ளிப் பிள்ளைகளுக்காகவே 'க்வான்ட்' என்று ஒரு பத்திரிகை தொடங்கினார்கள். அவ்வளவு பெரிய ஆட்கள் பதினாறு வயதுப் பிள்ளைகளுக்காக உட்கார்ந்து எழுதினார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது. ஒவ்வொரு இதழிலும் கணக்குப் புதிர்கள் வரும், பிள்ளைகள் போட்டுப் பார்த்துத் தபாலில் விடை அனுப்புவார்கள். பழைய இதழ்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ரஷ்யமொழி தெரியாதே என்று தயங்க வேண்டாம். வடிவியல் கணக்குகளுக்குப் படம் இருக்கும், மீதியை ஃபோனில் மொழிபெயர்த்துக்கொள்ளலாம். ஒரு கணக்கை மட்டும் எடுத்து, விடையைப் பார்க்காமல் ஒரு வாரம் வைத்திருக்கச் சொல்லுங்கள். போட்டு முடித்தால் எனக்கும் எழுதச் சொல்லுங்கள், இந்தப் பக்கத்திலேயே போடுகிறேன்.