பழைய புல்லட் இன்ஜினைப் பிரிக்குமுன் எதை வாங்குவது?

கேள்வி: என் அப்பா ஓட்டிய 1974-ஆம் ஆண்டு புல்லட் 350 எங்கள் குடியாத்தம் வீட்டில் பல ஆண்டுகளாக நிற்கிறது. அண்மையில் கிளப்பிப் பார்த்தோம். ஓடுகிறது, ஆனால் நீலப் புகை தள்ளுகிறது, இன்ஜினின் அடிப்பகுதியில் தட்டும் சத்தமும் கேட்கிறது. இன்ஜினை நானே பிரித்துக் கட்ட ஆசைப்படுகிறேன். பிஸ்டன், ரிங், கனெக்டிங் ராட், பேரிங், பேக்கிங் எல்லாம் அடங்கிய முழு செட் ஒன்றைச் சென்னையில் வாங்கி வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கலாமா? என்னென்ன கருவிகள் வேண்டும்?

பதில்: முழு செட் வேண்டாம். இப்போதைக்கு ஒரு பாகமும் வாங்காதீர்கள். கையில் இருக்கும் பணத்தைக் கருவிகளுக்கும் அளவெடுக்கும் சாதனங்களுக்கும் செலவிடுங்கள். எந்தப் பாகம் வேண்டும், எந்த அளவில் வேண்டும் என்பதைப் பிரித்துப்போட்ட இன்ஜின்தான் சொல்ல வேண்டும்.

புல்லட் 350-இன் போர் (சிலிண்டரின் உள் விட்டம்) 70 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 90 மில்லிமீட்டர், கொள்ளளவு 346 சிசி. புதிதாக வந்தபோது இருந்த கணக்கு இது. 1974-இல் வாங்கிய வண்டியின் சிலிண்டரை இடையில் ஒருமுறையாவது போரிங் போட்டிருப்பார்கள், அதாவது உள்ளே கடைந்து அகலப்படுத்தியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். அப்படியிருந்தால் நீங்கள் வாங்கி வரும் ஸ்டாண்டர்ட் பிஸ்டன் அதற்குள் தொளதொளவென்று ஆடும். ஹெட்டைக் கழற்றியதும் பிஸ்டனின் தலையில் படிந்த கரியை மெதுவாகச் சுரண்டுங்கள். ஓவர்சைஸ் பிஸ்டன் என்றால் பெரும்பாலும் அந்த அளவு அங்கே பொறித்திருக்கும். இனி எவ்வளவு கடைய இடமிருக்கிறது, அல்லது சிலிண்டருக்குள் புதிய ஸ்லீவ் (உள் குழாய்) அடிக்க வேண்டுமா என்பது அதன் பிறகுதான் தெரியும்.

பிரிப்பதற்கு முன் இன்னொரு வேலை இருக்கிறது. நீலப் புகை எப்போது வருகிறது என்று கவனியுங்கள். புல்லட்டில் எண்ணெய்க்குத் தனி அறை உண்டு; பம்ப் அங்கிருந்து எண்ணெயை எடுத்து அனுப்பி, மீண்டும் அங்கேயே சேர்க்கிறது. வண்டி நீண்ட நாள் நின்றால் அந்த எண்ணெய் மெல்லக் கசிந்து கிராங்க் அறைக்குள் இறங்கிவிடும். கிளப்பியதும் மேகம்போல் புகை வந்து சில நிமிடங்களில் அடங்கிவிட்டால் காரணம் அதுவாக இருக்கலாம். அதற்காகச் சிலிண்டரைக் கடைய வேண்டியதில்லை. ஆக்சிலரேட்டரை முறுக்கும்போதெல்லாம் புகைந்தால் ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்திருக்கின்றன. ஆக்சிலரேட்டரை மூடிவிட்டு மறுபடி திறக்கும்போது மட்டும் புகைந்தால் முதலில் வால்வு கைடை (வால்வின் தண்டு நகரும் குழாயை) சந்தேகியுங்கள்.

அடியில் கேட்கும் சத்தத்தையும் அப்படியே சோதியுங்கள். பிக் எண்ட், அதாவது கனெக்டிங் ராட் கிராங்க்கோடு சேரும் கீழ் முனை, தேய்ந்த சத்தம் கனமாக, மந்தமாக, சுமை ஏறும்போது அதிகமாகக் கேட்கும். பிஸ்டன் ஆடும் சத்தம் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது பெரிதாக இருந்து சூடேறச் சூடேறக் குறையும். இவை இரண்டையும் விட்டால் மூன்றாவது ஒன்று உண்டு, பலரை ஏமாற்றுவது: கிராங்க் தண்டின் முனையில் இருக்கும் ஆல்டர்னேட்டர் ரோட்டார் தளர்ந்தால் பிக் எண்ட் போனதுபோலவே தட்டும். இன்ஜினிலிருந்து கிளட்சுக்குப் போகும் செயினை மூடியிருக்கும் இடப்பக்கப் பிரைமரி மூடியைக் கழற்றி ரோட்டாரையும் செயின் தொய்வையும் பார்த்துவிடுங்கள். ஒரு நட்டை இறுக்கினால் தீரும் சத்தத்துக்காக முழு இன்ஜினையும் கீழே இறக்க வேண்டாம்.

இனி கருவிகள். உங்கள் வண்டியின் காலத்து புல்லட்டில் பெரும்பாலான மரைகள் விட்வொர்த், பிஎஸ்எஃப் போன்ற பழைய பிரிட்டிஷ் அங்குல அளவுகள். நம் கடைகளில் கிடைக்கும் மில்லிமீட்டர் ஸ்பானர் செட்டை வைத்துக்கொண்டு இறங்கினால் போல்ட் தலைகள் முதல் நாளே உருண்டுவிடும். விட்வொர்த் ஸ்பானரில் பொறித்திருக்கும் எண் போல்ட்டின் தண்டு விட்டத்தைக் குறிக்கும். தலையின் அகலத்தை அல்ல. 1/4 என்று பொறித்த ஸ்பானரின் வாய் ஏறத்தாழ 13.3 மில்லிமீட்டர். 13-ஆம் எண் ஸ்பானர் அதில் நுழையாது, 14 ஆடும். அதே ஸ்பானரில் பிஎஸ்எஃப் 5/16 என்றும் எழுதியிருப்பதைப் பார்த்துக் குழம்பாதீர்கள். பிஎஸ்எஃப் போல்ட்டுகளின் தலை ஒரு படி சிறியது என்பதால் இரண்டுக்கும் ஒரே வாய்தான். 1/8-இலிருந்து 1/2 வரை ரிங் ஸ்பானரும் பாக்ஸ் ஸ்பானரும் இருந்தால் இன்ஜின் வேலையில் பெரும்பகுதி முடியும்.

இவற்றை எங்கே தேடுவது? புதிதாகவும் கிடைக்கின்றன. ஆனால் நம் பகுதியில் அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. ராணிப்பேட்டை, வாலாஜா, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கங்களில் பழைய தொழிற்சாலைகளிலும் தோல் பதனிடும் ஆலைகளிலும் பிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர்களை விசாரியுங்கள். அந்தக் கால இயந்திரங்களோடு வேலை செய்தவர்கள். அந்த ஸ்பானர்கள் இன்னும் அவர்கள் வீட்டு மரப்பெட்டியில் இருக்கக்கூடும். விலைக்குத் தராவிட்டாலும் கொண்டுவந்து உதவுவார்கள். அவர்களது கை அனுபவமும் உடன் வருமென்றால் அதற்கு ஈடாக எந்தக் கடையிலும் எதுவும் இல்லை.

கட்டாயம் வேண்டிய தனிக் கருவிகள் இரண்டு: கிளட்ச் மையத்தைக் கழற்றும் புல்லர், வால்வுகளை இயக்கும் டைமிங் பல்சக்கரத்தைக் கழற்றும் புல்லர். ஸ்க்ரூ டிரைவரைச் செருகி நெம்புவது, சுத்தியலால் தட்டுவது இரண்டும் வேண்டாம். அலுமினியக் கிராங்க் கேஸில் ஒருமுறை விழுந்த வடு எண்ணெய் கசியும் வழியாகிவிடும். டைமிங் பக்கத்தில் பம்பை இயக்கும் வார்ம் (திருகு வடிவப் பல்) இடது மரை கொண்டது என்பதைச் சுவரில் எழுதியே வைத்துக்கொள்ளுங்கள். வழக்கம்போல் இடப்பக்கம் திருப்பினால் அது இன்னும் இறுகி, கடைசியில் கிராங்க் தண்டின் மரையைத் தின்றுவிடும். பேரிங்கைக் கேஸிலிருந்து எடுக்க வலிமை தேவையில்லை, வெப்பம் போதும். கேஸை ஏறத்தாழ 100 டிகிரிக்குச் சீராகச் சூடாக்கினால், தெளித்த நீர்த்துளி சீறி ஆவியாகும் நிலையில், பேரிங் தானாகவோ மெல்லிய தட்டலிலோ இறங்கிவிடும்.

அளவெடுக்க என்ன வேண்டும்? 50 முதல் 75 மில்லிமீட்டர் வரை அளக்கும் வெளி மைக்ரோமீட்டர், போர் கேஜ், ஃபீலர் கேஜ், நல்ல வெர்னியர். போர் கேஜ் வாங்க வசதியில்லை என்றால் ராணிப்பேட்டை சிப்காட் பகுதிக் கடைசல் பட்டறைகளில் விசாரித்து, அளந்துதரச் சொல்லுங்கள். சிலிண்டரை மேல், நடு, கீழ் என மூன்று உயரங்களில், ஒவ்வொன்றிலும் இரண்டு திசைகளில் அளக்க வேண்டும். மேல் ரிங் திரும்பும் இடத்தில்தான் தேய்மானம் அதிகம். ஆறு எண்களையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 'பரவாயில்லை, ஓடும்' என்ற வாய்ச்சொல் ஓர் அளவே அல்ல.

வேலூர் வெயிலையும் இங்கே கணக்கில் எடுக்க வேண்டும். வெயிலில் கிடந்த பிஸ்டனை நிழலில் இருந்த சிலிண்டரோடு ஒப்பிட்டால் அளவு பொய் சொல்லும். 70 மில்லிமீட்டர் அலுமினியப் பிஸ்டன் 10 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 0.016 மில்லிமீட்டர் விரிகிறது. இரும்புச் சிலிண்டர் அதில் பாதிதான். நாம் பார்க்கும் இடைவெளியே மில்லிமீட்டரின் நூறில் சில பங்கு என்பதால் இது சிறிய வித்தியாசம் அல்ல. இரண்டையும் இரவு முழுவதும் ஒரே அறையில் வைத்திருந்து, விடியற்காலையில் அளந்துவிடுங்கள்.

அளவுகள் கைக்கு வந்தபின் பாகங்களுக்குப் போகலாம். பேரிங்குகளை இரு சக்கர வாகன உதிரிப்பாகக் கடையில் வாங்க வேண்டியதில்லை. பழைய பேரிங்கின் வளையத்தைத் துடைத்தால் எண் தெரியும். அவை உலகெங்கும் பொதுவான அளவுகள். எந்த நல்ல பேரிங் கடையிலும் கிடைக்கும். எண்ணுக்குப் பின் சி3 என்றிருந்தால் அதையும் சேர்த்தே கேளுங்கள். உள் இடைவெளி சற்று அதிகமான வகை அது. புதிய பிஸ்டன், வால்வு, கைடு, கனெக்டிங் ராட் போன்றவற்றுக்குச் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலை. கிடைக்காத பழைய பாகங்களுக்குப் புதுப்பேட்டை. காட்பாடியில் காலையில் ரயிலேறினால் மாலைக்குள் இரண்டையும் பார்த்துத் திரும்பலாம். போகும்போது பழைய பாகங்களையும் வெர்னியரையும் பையில் எடுத்துச் செல்லுங்கள். 'புல்லட்டுக்கு' என்று கேட்டால் பல ஆண்டுகளின் பாகங்கள் மேசைக்கு வரும்; பழையதைப் பக்கத்தில் வைத்து அளந்த பிறகே பணத்தை எடுங்கள்.

சிலிண்டரைக் கடைவதில் வரிசை முக்கியம்: முதலில் பிஸ்டன், பிறகுதான் போரிங். ஒரே ஓவர்சைஸ் என்றாலும் பிஸ்டனுக்குப் பிஸ்டன் சிறு வேறுபாடு உண்டு. ஆகவே பிஸ்டனைக் கையில் கொடுத்து, அதன் தயாரிப்பாளர் சொல்லும் இடைவெளிக்குக் கடையச் சொல்லுங்கள். ரிங்கைச் சிலிண்டருக்குள் நேராக இறக்கி அதன் வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் பாருங்கள். 70 மில்லிமீட்டர் போருக்கு 0.25-க்குக் குறைவாக நான் விடுவதில்லை.

கிராங்க் வேலையை மட்டும் நீங்கள் செய்யாதீர்கள். அந்தக் கால புல்லட்டின் பிக் எண்டில் உருளைகள் இல்லை. மிதக்கும் புஷ் ஒன்று இருக்கிறது. இப்போது ரோலர் வகைக் கனெக்டிங் ராடும் கிடைக்கிறது. எதைப் போட்டாலும் ஃப்ளைவீல் இரண்டையும் பிரித்து, பின் மாற்றி, மறுபடி இணைத்து நேர் பார்க்க வேண்டும். அதற்குப் பிரஸ்ஸும் டயல் கேஜும் பழகிய கையும் வேண்டும். திரும்ப வாங்கும்போது மையங்களுக்கு இடையில் ஏற்றிச் சுழற்றிக் காட்டச் சொல்லுங்கள், டயல் கேஜின் முள் 0.05 மில்லிமீட்டருக்கு மேல் ஆடினால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சீல், பேக்கிங் எல்லாம் கடைசியில் வாங்கலாம். அவற்றில் ஒன்றைப் பற்றி மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். டைமிங் மூடிக்குள், கிராங்க் தண்டின் முனையில், விரல் நுனியளவு சீல் ஒன்று உட்காருகிறது. பழைய வண்டிகளில் தக்கையால் ஆனது. பிக் எண்டுக்குப் போகும் எண்ணெய் அதன் வழியாகத்தான் போகிறது. அது நைந்திருந்தால் எண்ணெய் பக்கவாட்டில் கசிந்து, புதிய கனெக்டிங் ராட் வறண்டு உடைபடும். மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அதை மாற்றுங்கள், கையில் இன்னும் இரண்டு வைத்திருங்கள். இந்தச் சிறு பொருளை அலட்சியப்படுத்தியதால் நல்ல வேலை வீணாவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

கழற்றிய பழைய பாகம் எதையும் இன்ஜின் ஓடி முடியும்வரை எடைக்குப் போடாதீர்கள். உங்கள் அப்பா காலத்து ராக்கர், டாப்பெட், கேம் ஆகியவற்றில் தேய்மானம் இல்லையென்றால் அவற்றையே மறுபடி பூட்டுங்கள். பல நகல் பாகங்களைவிட அந்த இரும்பு நல்லது.

ஒருவேளை கிராங்க் கேஸ் விரிசல் கண்டிருந்தால், புதுப்பேட்டையில் ஒரு பாதியை மட்டும் வாங்கிப் பொருத்த முயலாதீர்கள். இரண்டு பாதிகளும் ஒன்றாகச் சேர்த்துக் கடையப்பட்ட ஜோடி. வேறு பாதியோடு பேரிங் மையங்கள் ஒத்துவராது. அதோடு இன்ஜின் எண் பொறித்திருப்பதும் அந்தக் கேஸில்தான். கேஸ் மாறினால் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எண்ணும் வண்டியில் உள்ள எண்ணும் பொருந்தாது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவித்துப் பதிவு செய்தாக வேண்டும். எனவே விரிசலை முதலில் நல்ல அலுமினிய வெல்டிங் தெரிந்தவரிடம் காட்டுங்கள். மாற்றியே ஆக வேண்டும் என்றால், முழு ஜோடியாக, அந்தக் கேஸ் இருந்த வண்டியின் ஆவண நகலும் ரசீதும் தருபவரிடம் மட்டும் வாங்குங்கள்.