ரோமர் 11-ஐ எடுத்து வையுங்கள்

சகோதரி, உங்கள் வேதபாடக் குழுவின் மூத்தவர் "இயேசுவைக் கொன்றதால் தேவன் யூதர்களைத் தள்ளிவிட்டார், இனி சபைதான் இஸ்ரவேல்" என்கிறார், மத்தேயு 27:25-ஐக் காட்டுகிறார், என்ன பதில் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் ரோமர் 11-ஐத் திறக்கச் சொல்லுங்கள். "தேவன் தம்முடைய ஜனங்களைத் தள்ளிவிட்டாரோ" என்று பவுலே கேட்டு, இல்லை என்று பவுலே பதிலும் சொல்கிறார். புறஜாதியாரான (யூதரல்லாத) நாம், இஸ்ரவேல் என்ற ஒலிவ மரத்தில் ஒட்டப்பட்ட காட்டு ஒலிவக் கிளை. வேரைச் சுமப்பது நாமல்ல, வேர்தான் நம்மைச் சுமக்கிறது. 29-ஆம் வசனத்தில் தேவனுடைய அழைப்பு மாறாதது என்கிறார். இதைத் தாண்டி அவர் எப்படிப் போவார்?

மத்தேயுவில் "இவனுடைய இரத்தப்பழி எங்கள்மேலும் எங்கள் பிள்ளைகள்மேலும் இருப்பதாக" என்று கத்தியது, ரோம ஆளுநர் பிலாத்துவின் முன் நின்ற ஒரு கூட்டம். அதை ஒரு இனத்தின் மேலேயே சுமத்தியதால் ஐரோப்பாவில் யூதர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1543-இல், புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர், யூதர்களின் ஜெப ஆலயங்களைக் கொளுத்தச் சொல்லியே எழுதினார். அமெரிக்காவின் இவாஞ்சலிக்கல் லூத்தரன் சபை (ELCA) 1994-இல் அதை வெளிப்படையாக நிராகரித்தது. கத்தோலிக்கத் திருச்சபையோ இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், 1965-லேயே, இயேசுவின் பாடுகளுக்கு அன்றைய யூதர் எல்லோரையுமோ இன்றைய யூதரையோ பொறுப்பாக்கக் கூடாது என்று அறிவித்துவிட்டது.

அப்புறம், பேச்சு இன்றைய இஸ்ரேல் அரசுக்குத் திரும்பினால் அதைத் தனியாக வையுங்கள். யூதர்களை நேசிக்கிற கிறிஸ்தவர்களும் அந்த அரசின் செயல்களைக் கேள்வி கேட்கலாம். பெத்லகேமின் பாலஸ்தீனக் கிறிஸ்தவர்களும் நம் சகோதரர்கள்தானே.