கேள்வி - பதில்: பக்கவாதமும் நாலரை மணி நேரமும்

காலை 7 மணிக்கு மாமனாரை எழுப்பியபோது வலது கையும் காலும் விழுந்திருந்தன. 8 மணிக்கு ஆஸ்பத்திரியில் இருந்தோம். "நேரம் கடந்துவிட்டது" என்று மூளைக் குழாயை அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போடவில்லை. ஒரு மணி நேரம்தானே ஆகியிருந்தது?
- வாசகி, திண்டுக்கல்

நீங்கள் பார்த்த நேரம் கணக்கில் வராது. அவர் கடைசியாக நன்றாக இருந்ததை யாராவது கண்ட நேரம்தான் கணக்கு. இரவு 10 மணிக்குப் படுத்தவர் என்றால், காலை 8 மணிக்குப் பத்து மணி நேரம் ஆகிவிட்டது. விடிகாலை 4.30-க்கு எழுந்து பாத்ரூம் போய்வந்ததை வீட்டில் ஒருவர் பார்த்திருந்தால், ஊசிக்கான நாலரை மணி நேரக் கெடு முடிய ஒரு மணி நேரம் மிச்சம் இருந்திருக்கும். டாக்டரிடம் இந்த விவரத்தைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

இந்த ஊசிக்கு வழி திறந்தது 1995-இல் அமெரிக்காவில் 624 பேரிடம் நடந்த ஆய்வு. அதில் கெடு மூன்று மணி நேரம். 2008-இல் ஐரோப்பிய ஆய்வு ஒன்று அதை நாலரை மணியாக நீட்டியது. அல்டிபிளேஸ் என்ற மருந்தை எடைக்குக் கிலோவுக்கு 0.9 மி.கி. வீதம், அதிகபட்சம் 90 மி.கி. தருவார்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு 54 மி.கி.; அதில் 5.4 மி.கி. முதல் நிமிடத்தில், மீதி ஒரு மணி நேரத்தில் சொட்டுசொட்டாக. நேரம் போகப்போக மூளைத் திசுவோடு ரத்தக்குழாய்ச் சுவரும் நைந்துபோகிறது. அடைப்பு தாமதமாகத் திறந்தால் ரத்தம் கசியும். கெடுவுக்குள் போட்ட 1995 ஆய்விலேயே 6.4 சதவீதம் பேருக்கு மூளையில் கசிவு வந்து நிலை மோசமானது. ஊசி போடாதவர்களில் 0.6 சதவீதம்தான்.

தூக்கத்தில் வந்த பக்கவாதத்துக்கு வழியே இல்லையா? உண்டு. எம்.ஆர்.ஐ.யில் ஒருவகைப் படத்தில் பாதிப்பு உடனே தெரியும், இன்னொன்றில் தெரியச் சில மணி நேரம் பிடிக்கும். முதலாவதில் தெரிந்து அடுத்ததில் தெரியாவிட்டால் அடைப்பு புதிது, ஊசி போடலாம் என்று 2018-இல் வந்த ஆய்வு காட்டியது. பெரிய குழாய் அடைத்திருந்தால் தொடை இடுக்கு வழியாகக் குழாய் செலுத்திக் கட்டியை இழுத்தெடுக்கலாம். ஸ்கேனில் மீட்கக்கூடிய திசு நிறைய இருந்தவர்களுக்கு 6 முதல் 24 மணி நேரத்துக்குள் இதைச் செய்ததில், 90 நாளில் 49 சதவீதம் பேர் பிறர் உதவியின்றி வாழ்ந்தார்கள். செய்யாதவர்களில் 13 சதவீதம். எல்லா ஆஸ்பத்திரியிலும் இந்த வசதி கிடையாது. 108-ஐ அழைக்கும்போதே பக்கவாதம் என்று சொல்லுங்கள்.

வாய் கோணிவிட்டது, பிரஷர் 200. வீட்டிலேயே ஆஸ்பிரினும் பிரஷர் மாத்திரையும் கொடுத்துவிட்டுக் கிளம்பலாமா?
- வாசகர், தஞ்சாவூர்

இரண்டும் வேண்டாம். ஆஸ்பிரின் கொடுப்பது மாரடைப்புக்கான பழக்கம். வந்திருப்பது அடைப்பா, ரத்தக்கசிவா என்று சி.டி. ஸ்கேன் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. கசிவாக இருந்தால் ஆஸ்பிரின் அதைப் பெருக்கும். பிரஷரோ, அடைப்புக்கு அப்பால் தவிக்கும் திசுவுக்கு ரத்தத்தைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. நாக்குக்கு அடியில் மருந்து வைத்துச் சட்டென்று இறக்கினால் அந்தத் திசுவும் போய்விடும். ஊசி போடுவதாக இருந்தால் மட்டும் 185/110-க்குக் கீழே கொண்டுவருவார்கள். போடாத அடைப்பு நோயாளிக்கு முதல் நாளில் 220/120 வரை பெரும்பாலும் விட்டுவைப்பார்கள். விழுங்கும் தசையும் செயலிழந்திருக்கலாம், தண்ணீர்கூட நுரையீரலுக்குப் போய்விடும். வாய்வழி எதுவும் வேண்டாம். சுகர் மிகத் தாழ்ந்தாலும் இதே போல் தெரியும் என்பதால் குளுக்கோமீட்டர் இருந்தால் பாருங்கள். அவர் சாப்பிடும் மாத்திரை அட்டைகளைக் கையோடு எடுத்துப் போங்கள். ரத்தம் உறையாமைக்கான மாத்திரை என்றால் கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்பதும் தேவை.

அப்பாவுக்கு வயது 72, எந்த நோயும் இல்லை. பக்கவாதம் வராமல் இருக்க தினம் ஆஸ்பிரின் தரலாமா?
- வாசகர், மதுரை

வேண்டாம். 19,114 முதியோரிடம் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில் பலன் தெரியவில்லை, ரத்தப்போக்குதான் கூடியது. பிரஷரை அளந்து பாருங்கள், நாடி தாறுமாறாக ஓடினால் இ.சி.ஜி. எடுங்கள்.

அம்மாவுக்குப் பேச்சு குழறி, அரை மணியில் தானே சரியாகிவிட்டது. இனி பயமில்லையே?
- வாசகி, சேலம்

அன்றே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும். இன்னும் போகாவிட்டால் இப்போதே கிளம்புங்கள். இது எச்சரிக்கை, அடுத்த அடி பெரும்பாலும் முதல் சில நாட்களில் விழும். சீனாவில் 5,170 பேரிடம் நடந்த ஆய்வில், இப்படி வந்து போனவர்களுக்கும் லேசான பக்கவாதக்காரர்களுக்கும் 24 மணி நேரத்துக்குள் ஆஸ்பிரினோடு, அதைப் போலவே ரத்தம் கட்டாமல் தடுக்கும் குளோபிடோகிரெல் மாத்திரையும் தொடங்கினார்கள். 90 நாளில் பக்கவாதம் ஆஸ்பிரின் மட்டும் சாப்பிட்டவர்களில் 11.7 சதவீதம் பேருக்கும், இரண்டும் சாப்பிட்டவர்களில் 8.2 சதவீதம் பேருக்கும் வந்தது. இரண்டும் சேர்ந்து 21 நாள்தான், பிறகு ஒன்று போதும். பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் இரண்டையும் வாங்கிச் சாப்பிடுவோர் பலர். வயிற்றில் ரத்தம் கசிந்து வருவது அப்படித்தான்.