ஐந்து கட்டை வயலினும் ஆர்கெஸ்ட்ரா நாற்காலியும்: வாசகர் கேள்வி – பதில்

பள்ளி ஆண்டு தொடங்கிவிட்டது. டர்பனிலும் சுற்றுவட்டாரத்திலும் சமூக ஆர்கெஸ்ட்ராக்கள் புதுப் பருவத்துக்கு ஒத்திகை ஆரம்பித்து, இளையோர் பிரிவுக்கு ஆள் சேர்க்கும் நேரம் இது. (ஆர்கெஸ்ட்ரா என்றதும் கல்யாண மேடையில் கீபோர்டு வைத்து சினிமாப் பாட்டு வாசிக்கிற குழுதான் நமக்கு நினைவுக்கு வரும். இங்கே பேசுவது வயலின், வியோலா, செல்லோ, ஊதுகருவிகள் சேர்ந்த மேற்கத்தியக் குழுவை.) வந்த கேள்விகளில் பாதிக்கு மேல், கோயில் வகுப்பிலும் தாய்மொழி கற்பிக்கும் வெர்னாகுலர் பள்ளியிலும் கர்நாடக சங்கீதம் கற்ற பிள்ளைகளைப் பற்றியவை.

என் மகளுக்கு 11 வயது. மூன்று வருடமாகக் கர்நாடக வயலின் கற்கிறாள். இளையோர் ஆர்கெஸ்ட்ராவில் சேர்ந்தால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். படித்ததெல்லாம் வீணா? — வாசகி, சாட்ஸ்வொர்த்

வீணில்லை. அவள் எத்தனை கட்டையில், அதாவது எந்த ஆதார சுருதியில் வாசிக்கிறாள் என்று முதலில் பாருங்கள். பாதிப் பதில் அதில் இருக்கிறது.

ஆர்கெஸ்ட்ரா வயலினில் தடித்த தந்தியிலிருந்து வரிசையாக ஜி, டி, ஏ, ஈ. நமக்கு ஸ, ப, ஸ, ப. ஐந்து கட்டை என்றால் ஸட்ஜம் ஜி. அப்போது அவளுடைய நான்கு தந்திகளும் ஜி, டி, ஜி, டி. கீழ் இரண்டைத் தொடவே வேண்டாம். மேல் இரண்டை மட்டும் ஒரு முழு ஸ்வரம் ஏற்றினால் ஆர்கெஸ்ட்ரா சுருதி வந்துவிடும். இரண்டு கட்டை என்றால் கதை வேறு. டி, ஏ, டி, ஏ என்று நான்குமே தளர்ந்து கிடக்கும். கீழ் இரண்டை ஐந்து அரை ஸ்வரமும் மேல் இரண்டை ஏழு அரை ஸ்வரமும் ஏற்ற வேண்டும். தேய்ந்த பழைய தந்தி அதைத் தாங்கும் என்று நம்ப வேண்டாம், புது செட் போடுங்கள். மெல்லிய ஈ தந்திதான் முதலில் அறும். அதுவும் பெரும்பாலும் வால்பலகையில் உள்ள ஃபைன் ட்யூனர் என்ற சிறு திருகின் கொக்கியிலோ, மேலே விரல்பலகை முனையில் உள்ள நட் மேட்டிலோ.

தந்தியை ஏற்றும்போது, தந்திகளைத் தாங்கி நிற்கும் குதிரை (பிரிட்ஜ்) விரல்பலகைப் பக்கம் சாயும், ஒவ்வொரு முறையும் பாருங்கள். குதிரையின் பின்முகம், அதாவது தந்தி கட்டிய வால்பலகையைப் பார்க்கும் பக்கம், வயலின் மேற்பலகைக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். சாய்ந்திருந்தால் இரு கைகளின் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மேல்விளிம்பைப் பிடித்து மெல்லப் பின்னுக்குத் தள்ளுங்கள். அப்படியே விட்டால் ஒருநாள் டமாரென்று விழும். விழும் வேகத்தில் உள்ளே நிற்கும் சவுண்ட் போஸ்ட் குச்சியும் சரியலாம். அதை நிமிர்த்துவது வீட்டு வேலை இல்லை.

செவ்வாய்க்கிழமை கோயில் வகுப்பு, சனிக்கிழமை ஆர்கெஸ்ட்ரா என்று வாரம் இருமுறை ஒரே வயலினை ஏற்றி இறக்குவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. தந்தி நிலைகொள்ளாது, பிருடை (தந்தியை முறுக்கும் திருகு) தேயும், பிள்ளை எப்போதும் சுருதி விலகியே வாசிப்பாள். கடன் வாங்கியாவது இரண்டாவது வயலின் ஒன்று வையுங்கள்.

அடுத்தது உட்காரும் முறை. தரையில் அமர்ந்து சுருள்முனையைக் கணுக்காலில் ஊன்றும்போது வயலின் தானே நிற்கும், இடது கை சுதந்திரமாக வழுக்கும். நாற்காலியில் அந்த ஊன்றுகோல் போய்விடும். பிள்ளை இடது உள்ளங்கையால் வயலினைத் தாங்க ஆரம்பிப்பாள். மணிக்கட்டு உள்ளே மடங்கும், இரண்டே வாரத்தில் வலி. தோள்பட்டைக்கும் வயலினுக்கும் நடுவே ஷோல்டர் ரெஸ்ட் வைத்து, இடது கையை எடுத்த பிறகும் வயலின் நிற்கிறதா என்று பாருங்கள். ரப்பர் பேண்டால் கட்டிய ஸ்பாஞ்சுத் துண்டும் தொடக்கத்துக்குப் போதும்.

விரல்களில் ஏமாற்றுவது சுண்டுவிரல். கர்நாடக வாசிப்பில் அதற்கு வேலை குறைவு, ஆர்கெஸ்ட்ராவில் ஓயாத வேலை. டி தந்தியில் சுண்டுவிரலால் ஏ ஸ்வரத்தை அழுத்தி, பக்கத்துத் திறந்த ஏ தந்தியோடு ஒப்பிட்டு வாசிப்பது தினம் ஐந்து நிமிடம். இரண்டும் ஒன்றாக ஒலித்தால் சரி.

நொடேஷனுக்கு, அதாவது கோட்டில் எழுதும் மேற்கத்திய ஸ்வரக்குறிப்புக்கு, டி மேஜரில் தொடங்குங்கள். அது இரண்டு கட்டைச் சங்கராபரணம்தான். டி தந்தியிலும் ஏ தந்தியிலும் ஒரே விரல் அமைப்பு: திறந்த தந்தி, ஆள்காட்டி விரல், பிறகு நடுவிரலும் மோதிரவிரலும் ஒட்டி. தடுமாற்றம் வருமிடம் இது: ஸரிகம நாம் வைத்த சுருதியோடு நகரும், கோட்டில் உள்ள புள்ளி நகராது. எந்தப் பாட்டிலும் ஏ என்றால் அதே ஏ. தினம் பத்து நிமிடம் படித்தால் இரண்டு மாதத்தில் செகண்ட் வயலின் வரிசையில் உட்காரலாம்.

தாளத்தில் அவள் மற்றப் பிள்ளைகளைவிட முன்னால் இருப்பாள். நமக்கு ஆதி தாள ஆவர்த்தனம் ஒன்று என்றால், அவர்களுக்கு அது நான்கடி பார் (தாளக் கட்டம்) இரண்டு. பாட்டு முதல் அடிக்கு முன்பே தொடங்குவதை அவர்கள் பிக்கப் என்பார்கள், நமக்கு அதீத எடுப்பு. இருபது பார் சும்மா இருக்க வேண்டிய இடங்களில்தான் பிள்ளைகள் தொலைந்துபோகிறார்கள். ‘ஒன்று இரண்டு மூன்று நான்கு, இரண்டு இரண்டு மூன்று நான்கு, மூன்று இரண்டு மூன்று நான்கு’ என்று முதல் எண்ணில் பார் கணக்கை ஏற்றிக்கொண்டே எண்ணச் சொல்லுங்கள்.

அடுத்த வருடமும் உதவும் என்று கொஞ்சம் பெரிய வயலினாக வாங்கலாமா? — வாசகர், ஃபீனிக்ஸ்

வேண்டாம். பள்ளிச் சீருடைக்குச் செய்வது வயலினுக்கு ஆகாது. இடது கையை நேராக நீட்டச் சொல்லி, கழுத்தடியிலிருந்து உள்ளங்கை நடு வரை அளந்து பாருங்கள். சுமார் 47 செ.மீ. என்றால் கால் அளவு, 51–52 அரை, 56 முக்கால், 59ஐ ஒட்டினால் முழு அளவு. இரண்டுக்கும் நடுவில் இருந்தால் சிறியதை எடுங்கள். தாடையில் வைத்துச் சுருள்முனையை விரல்களால் வளைத்துப் பிடிக்கும்போது முழங்கை லேசாக மடங்கியே இருக்க வேண்டும்.

டர்பனில் பிருடை திருகவே வரவில்லை. ஜொஹானஸ்பர்க் வந்தபின் நிற்கவே மாட்டேன் என்கிறது. — வாசகர், லெனேசியா

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். கடலோர ஈரத்தில் மரம் உப்பிப் பிருடை ஓட்டையில் இறுகும். ஜொஹானஸ்பர்க் இருக்கும் ஹைவெல்ட் மேட்டுநிலத்தில் குளிர்காலம் வறண்டது, மரம் சுருங்கித் துளை தளரும். மே முதல் ஆகஸ்ட் வரை அங்கே பெட்டிக்குள் ஈரப்பதக் குழாய் வையுங்கள். 40 முதல் 60 சதவீத ஈரப்பதம் வயலினுக்குச் சுகம். பிருடையைத் திருகும்போதே உள்நோக்கி அழுத்துங்கள், வெளியே இழுத்தபடி திருகினால் நிற்காது. பிருடைக்கென்றே விற்கும் பேஸ்ட் ஒரு பொட்டு போதும். சுண்ணக்கட்டியை அளவில்லாமல் பூசினால் உப்புத்தாள் போல் தேய்க்கும். தந்தி மாற்றும்போது ஒவ்வொன்றாக மாற்றுங்கள். நான்கையும் ஒரே நேரத்தில் கழற்றினால் குதிரையும் உள்குச்சியும் விழும்.

வறட்சியில் பலகை ஓரம் வாய்பிளந்தால் பதற வேண்டாம். வயலினை ஒட்டியிருப்பது விலங்குப் பசை. மரம் வெடிப்பதற்குப் பதில் பசை விட்டுக்கொடுக்கத்தான் அப்படி. வயலின் பழுதுபார்ப்பவர் மறுபடி ஒட்டிவிடுவார். சூப்பர் குளூ மட்டும் கூடாது. மூடிய காருக்குள் டிசம்பர் வெயிலில் விட்டாலும் அதே பசை இளகும்.

எங்கள் ஊர் ஆர்கெஸ்ட்ரா ஒரு உருப்படியில் மிருதங்கம் கேட்கிறது. என்ன கவனிக்க வேண்டும்? — வாசகர், மெர்பேங்க்

ஒப்புக்கொள்ளும் முன் பாட்டு எந்தக் கீயில் (ஆதார சுருதியில்) என்று கேளுங்கள். டி மேஜர் என்றால் இரண்டு கட்டை மிருதங்கம். ஐந்து கட்டைக்குக் கட்டிய 22 அங்குலக் கருவியை அங்கே இறக்க முடியாது, 24 அங்குலம் தேவைப்படும். நடுவில் பாட்டு ஏ மேஜருக்குப் போனாலும் கெட்டுப்போகாது, வலந்தலையின் (வலப்பக்கத் தோலின்) ஸட்ஜம் அங்கேயும் பொருந்தும். ஈ ஃபிளாட்டுக்குப் போனால் ஒவ்வொரு மீட்டும் பல்லில் மணல் கடித்த மாதிரி இருக்கும். அந்தப் பகுதியில் தொப்பிப் பக்கம் (இடப்பக்கம்) மட்டும் வாசியுங்கள், அல்லது கையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆர்கெஸ்ட்ராவின் ஏ 440 ஹெர்ட்ஸ். சில குழுக்கள் 442 வைக்கும். தம்பூரா ஆப்பில் அதே எண்ணை வைத்து வீட்டில் சேருங்கள். ஆனால் கடைசிச் சேர்ப்பு அரங்கில், அரை மணி நேரம் முன்னால். ஈரத்தில் தோல் தளர்ந்து சுருதி இறங்கும், ஏசி ஓடினால் காய்ந்து ஏறும். ஊதுகருவிகள் வாசிக்க வாசிக்கச் சூடாகி ஏறும், மேடை விளக்கில் வயலின் தந்தி இறங்கும். ஆளுக்கொரு திசை. அதனால்தான் இடைவேளைக்குப் பின் மறுபடி ஓபோ என்ற ஊதுகருவியைக் கேட்டு எல்லாரும் சேர்க்கிறார்கள். நீங்களும் சேருங்கள்.

இருபத்தைந்து பேர் குழுவில் மிருதங்கத்துக்கு மைக் வேண்டியதில்லை. கீழே தடித்த கம்பளம் விரித்து, கண்டக்டரின் (குழுவை நடத்துபவரின்) கை தெரியும் இடத்தில் உட்காருங்கள். டைல்ஸ் போட்ட கல்யாண மண்டபம் என்றால் எதிரொலி எல்லாவற்றையும் குழப்பும். திரையும் கம்பளமும் கொஞ்சம் விழுங்கும், மீதிக்கு வேகத்தைக் குறைப்பதே வழி.

நாதஸ்வரம்? — அதே வாசகர்

உள்ளரங்கில் வேண்டாம். நாற்பது வயலின் ஒன்றாக வந்தாலும் ஜெயிக்காது.

இளையோர் கச்சேரியில் நம் பாட்டு ஒன்று வேண்டும். எதை எடுக்கலாம்? உரிமைச் சிக்கல் வருமா? — ஆசிரியை, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

தோடி, பேகடா, சஹானா பக்கம் போகாதீர்கள். பன்னிரண்டு வயலின் பன்னிரண்டு விதமாகக் கமகம் (ஸ்வரத்தை அசைத்தல்) போட்டால் அது கூட்டிசை ஆகாது, கூழாகும். மோகனம், ஹம்சத்வனி, சங்கராபரணம் தாங்கும்.

இதற்கென்றே செய்து வைத்த மாதிரி இருப்பவை முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்கள். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்து பேண்டு மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்தியம். சங்கராபரணம், கமகம் இல்லை, சின்னது, பக்கத்தில் செல்லோவில் கார்டு (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டு) வைத்தாலும் முறிக்காது. ஒன்றைக் கவனியுங்கள்: ‘சந்ததம் பாஹிமாம்’ பிரிட்டிஷ் தேசிய கீத மெட்டு. அதை எடுத்தால் முன்வரிசைப் பெரியவர்கள் பழக்கதோஷத்தில் எழுந்து நிற்கக்கூடும். நிகழ்ச்சித் தாளில் ஒரு வரி போட்டுவிடுங்கள்.

தீட்சிதர் 1835-இல் மறைந்தவர். தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் இசைப் படைப்புக்குக் காப்புரிமை ஆயுளும் பிறகு 50 ஆண்டும். ஆகவே அந்தப் பாட்டுகளுக்குத் தடையில்லை. ஆனால் இன்றைக்கு ஒருவர் ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதிய வடிவம் அவருடையது, எழுத்தில் அனுமதி வாங்குங்கள். சினிமாப் பாட்டு என்றால் இரண்டு வேலை. மேடையில் வாசிக்கும் உரிமம் சாம்ரோ என்ற இசை உரிம அமைப்பு வழியாக. அரங்கத்துக்கு ஏற்கெனவே உரிமம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். புதிதாக ஆர்கெஸ்ட்ரா வடிவம் எழுதும் அனுமதி அதில் அடங்காது, உரிமை வைத்திருப்பவரிடம் தனியாகக் கேட்க வேண்டும்.

கச்சேரித் தேதி குறிக்கும்போது எப்போதும் ஏதாவது இடிக்கிறது. — குழுச் செயலாளர், டொங்காட்

காலண்டரில் முதலில் சிவப்பு மையால் அடிக்க வேண்டியவை: தைப்பூசக் காவடி, புனித வெள்ளி, அன்று பாதி ஊர் இசிபிங்கோ அல்லது மவுண்ட் எட்ஜ்கூம் மாரியம்மன் கோயிலில் இருக்கும், ஜூன், நவம்பர் பள்ளித் தேர்வுகள், தீபாவளி. மிஞ்சுவது இரண்டு ஜன்னல். பிப்ரவரி முதல் வாரம் தொடங்கி, ஈஸ்டருக்கு ஒரு வாரம் விட்டு, இரண்டரை மணி நேர ஒத்திகை பத்து நடத்தினால் மே நடுவுக்குள் கச்சேரி. ஜூலை விடுமுறை முடிந்து தொடங்கினால் செப்டம்பரில். இரண்டாவதுதான் நல்லது, குளிர்காலத்தில் டர்பன் காற்றில் ஈரம் குறைவு, கருவிகள் சொன்னபடி கேட்கும். செப்டம்பர் 24 பாரம்பரிய தினம் கேட்பார்கள், அது புரட்டாசிக்குள் வரும். நடத்துங்கள், இடைவேளைச் சிற்றுண்டியில் மட்டும் சமோசாவுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள். 1860-இல் முதல் இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களோடு ட்ரூரோ கப்பல் வந்த நாளான நவம்பர் 16-க்கும் அழைப்பு வரும். தேர்வு நேரத்தில் புதுப் பாட்டு வேண்டாம், செப்டம்பரில் வாசித்ததையே வாசியுங்கள்.

பத்து ஒத்திகையில் முதலாவது முழுக்கப் பார்த்து வாசிப்பு. இரண்டு முதல் ஐந்து வரை பாதி நேரம் தனித்தனிப் பிரிவாக. எட்டாவதுக்குப் பின் வில் திசையை மாற்றாதீர்கள். இருவருக்கு ஒரு இசைத்தாள் ஸ்டாண்டு, பக்கம் திருப்புவது உள்பக்கம் இருப்பவர், குறிப்பு பென்சிலில் மட்டும்.

பாட்டு நின்றதும் கை தட்டினேன், எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். — வாசகி, இசிபிங்கோ

சிம்ஃபொனி பெரும்பாலும் நான்கு பகுதி, கான்செர்ட்டோ மூன்று. பகுதிகளுக்கு நடுவே தட்டுவதில்லை என்பது வழக்கம். கண்டக்டர் கையை முழுக்க இறக்கிக் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினால் தட்டுங்கள். தனி ஆவர்த்தனம் நடக்கும்போதே ‘பேஷ்’ போடும் நமக்கு இது கொஞ்சம் கஞ்சத்தனமாகத்தான் படும்.

சேர கிரேடு சான்றிதழ் வேண்டுமா? — மாணவர், ஃபீனிக்ஸ்

பல இளையோர் குழுக்கள் சான்றிதழைவிட ஆடிஷனை நம்புகின்றன: ஒரு ஸ்கேல், ஒரு பாட்டு, பார்த்து வாசிக்க நான்கு வரி. ஏபிஆர்எஸ்எம் என்ற பிரிட்டிஷ் இசைத் தேர்வு அமைப்பின் தேர்வு எழுதுவதாக இருந்தால், ஆறாம் கிரேடுக்கு முன் ஐந்தாம் கிரேடு தியரியோ அதற்கு ஈடாக அவர்கள் ஏற்கும் தேர்வோ முடித்திருக்க வேண்டும். கடைசி நேரத்தில்தான் பலருக்கு இது தெரிகிறது. மெட்ரிக் (பள்ளி இறுதி) இசைப் பாடத்தில் மேற்கத்திய இசை, ஜாஸ், ஆப்பிரிக்க மரபிசை என மூன்று பிரிவு. கர்நாடகம் அதில் இல்லை.

புது வில் வாங்கினேன். தேய்த்தால் சத்தமே இல்லை. — வாசகர், சாட்ஸ்வொர்த்

வில் மயிரில் பூசும் பிசினான ரோசின் ஏறவில்லை. புதுக் கட்டியின் வழவழப்பை உப்புத்தாளால் லேசாகக் கீறி, மயிர் முழுதும் வெள்ளைப் பொடி படியும் வரை தேயுங்கள். முதல் தடவை பத்து நிமிடம்கூட ஆகும். பிறகு தினம் நான்கைந்து இழுப்பு போதும், அதற்கு மேல் போனால் கரகரக்கும். மயிரை விரலால் தொடாதீர்கள், எண்ணெய் பட்ட இடம் ரோசினைப் பிடிக்காது. வாசித்து முடித்ததும் திருகைத் தளர்த்திப் பெட்டியில் வையுங்கள்.