எழுபதை நெருங்கும்போது ஒரு நாய்

அன்புள்ள சார்,

நான் பாளையங்கோட்டையில் இருக்கிறேன். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, வயது 69. கணவர் இல்லை. மகள் பெங்களூரில். பதினான்கு வருடம் எங்களோடு இருந்த மணி இந்த ஆடியில் செத்துப்போனான். இனி நாயே வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் சாயங்காலம் ஆனால் வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. மகள் லாப்ரடார் குட்டி வாங்கித் தருகிறேன் என்கிறாள். கோவில்பட்டியில் இருக்கும் என் தம்பி மகன், "சிப்பிப்பாறைக் குட்டி ஒண்ணு இருக்கு, கொண்டாரட்டுமா அத்தை?" என்கிறான். பக்கத்து வீட்டில், "இந்த வயசுல எதுக்கு டீச்சர் இந்தத் தொல்லை?" என்கிறார்கள். எனக்குச் சர்க்கரை உண்டு. ஒரு முட்டி மாற்றியாயிற்று. நாய்க்கு முன்னால் நான் போய்விட்டால் அந்த ஜீவன் என்ன செய்யும் என்பதுதான் பெரிய பயம். வளர்க்கலாமா? பெயர் போட வேண்டாம்.

ஒரு வாசகி

*

அன்புள்ள டீச்சர்,

வளர்க்கலாம். குட்டி மட்டும் வேண்டாம்.

மணி குட்டியாக வந்தபோது உங்களுக்கு 55 வயது, கணவரும் கூட இருந்தார். இப்போது ராத்திரி இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் எழுந்து குட்டியை வாசலுக்குக் கூட்டிப்போக வேண்டியவர் நீங்கள் ஒருவர்தான். பார்வோ என்ற வாந்தி-கழிச்சல் நோய்க்கு அஞ்சி நாலு மாதம் வரை தவணை தவணையாகத் தடுப்பூசி. நாலாம் மாதத்திலிருந்து பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும். அப்போது கண்டதையெல்லாம் கடிக்கும். உங்கள் கையையும்தான். சர்க்கரை உள்ளவர்களுக்கு அந்தச் சின்னக் கீறல்கள் லேசில் ஆறாது.

இதெல்லாம் ஒரு வருடத் தொல்லை, பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடலாம். நான் யோசிப்பது கடைசி இரண்டு வருடங்களை. லாப்ரடார் பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். கடைசியில் இடுப்பு போய், படி ஏற முடியாமல் நிற்கும். அப்போது உங்களுக்கு எண்பது. முப்பது கிலோ நாயை யார் தூக்கி ஆட்டோவில் ஏற்றுவது?

சிப்பிப்பாறை விஷயத்தில் உங்கள் தம்பி மகன் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. அழகான இனம், நம் பக்கத்து இனம், எனக்கும் ஆசைதான். ஆனால் முயல் வேட்டைக்கென்றே வளர்த்த நாய் அது. தெருமுனையில் ஒரு பூனை தலைகாட்டினால் போதும், அடுத்த நொடி அது அங்கே இருக்கும். பெல்ட்டைப் பிடித்திருக்கும் நீங்களும் அங்கே இருப்பீர்கள். வேடிக்கையாகச் சொல்லவில்லை. அமெரிக்காவில் 65 வயது தாண்டியவர்கள் நாயை நடக்கக் கூட்டிப்போய் விழுந்து எலும்பு முறிந்து அவசர சிகிச்சைக்கு வந்த கணக்கை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 2004இல் சுமார் 1,700 பேர், 2017இல் சுமார் 4,400 பேர். ஐந்தில் நாலு பேர் பெண்கள். அதிகமாக முறிந்தது இடுப்பு. நம் ஊரில் பெல்ட்டை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடிக்கும் பழக்கம் வேறு இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள். நாய் இழுத்தால் கையிலிருந்து பெல்ட் நழுவ வேண்டும், நீங்கள் கூடப் போகக் கூடாது.

அப்படியானால் எது? ஐந்தாறு வயது ஆன, பதினைந்து கிலோவைத் தாண்டாத நாட்டு நாய். பெட்டையாக இருந்தால் இன்னும் நல்லது. உடம்பு சிறியது. அந்த வயதில் அதன் குணம் என்ன என்று தெரிந்துவிடும். குட்டியில் அது தெரியாது. வெளிநாடு போகிறோம், வீடு மாறுகிறோம் என்று வளர்த்த நாயைக் கைவிடுகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். காப்பகங்களில் வந்தவர்கள் எல்லாம் குட்டியைத்தான் தூக்கிக்கொண்டு போவார்கள், வளர்ந்ததைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. என்னுடைய வெள்ளச்சி அப்படி யாரும் பார்க்காமல் கிடந்தவள். வந்த புதிதில் சோற்றைத் தொடாமல் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தாள். இப்போது கட்டிலுக்கு மேலே.

உங்கள் தெருவிலேயே, மணி இருந்தபோது கேட் வரைக்கும் வந்து எட்டிப் பார்த்த ஒன்று இருக்கலாம். காதின் நுனியில் சின்னதாக வெட்டியிருந்தால் கருத்தடை ஆகிவிட்டது என்று அர்த்தம். எதுவானாலும் உடனே சரி என்று சொல்லாதீர்கள். சில நாள் போய்ப் பாருங்கள், பெல்ட் போட்டு நடத்திப் பாருங்கள், இரண்டு வாரம் வீட்டில் வைத்துப் பார்க்கிறேன் என்று கேளுங்கள். இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்குப் பக்கம்தான். உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தம் பார்த்துவிடுங்கள். வெறிநோய் ஊசியோடு எலிக்காய்ச்சலுக்கான ஊசியும் போடச் சொல்லுங்கள், அது நாயிடமிருந்து நமக்கும் வரக்கூடியது.

இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன். ஆறு வயது நாய்க்கு இன்னும் ஆறேழு வருடம் இருக்கும். உங்கள் 76 வரைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு அவ்வளவு பயங்கரமாக இல்லை, பார்த்தீர்களா? சாவைவிட எனக்குக் கவலை, இன்னொரு முட்டிக்கு ஆபரேஷன் என்று நீங்கள் பத்து நாள் படுக்க நேர்ந்தால் என்ன ஆகும் என்பதுதான். அது நடக்க வாய்ப்பு அதிகம். அப்போது சோறு வைக்க வருகிறவர் நாய்க்குப் புதுமுகமாக இருக்கக் கூடாது. யார் என்பதை நாய் வருவதற்கு முன்பே பேசி வைத்துவிடுங்கள், முதல் மாதத்திலிருந்தே அடிக்கடி வந்து அவர் கையால் சாப்பாடு வைக்கட்டும். பக்கத்திலேயே ஒருவர் வேண்டும். நிரந்தரமாக என்றால் உங்கள் தம்பி மகனைத்தான் கேட்பேன். நாய் மேல் பிரியம் உள்ள பையன் என்று தெரிகிறது. உயிலில் நாயின் பேரில் பணம் எழுத முடியாது. பார்த்துக்கொள்கிறவர் பேரில் எழுதலாம். என்ன சாப்பிடும், என்ன மருந்து, டாக்டர் நம்பர் எல்லாம் ஒரு தாளில் எழுதி பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள்.

சர்க்கரைக்காரர் வீடு என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். 'சுகர் ஃப்ரீ' என்று வரும் சில மிட்டாயிலும் சூயிங்கத்திலும் சைலிட்டால் என்ற இனிப்பு இருக்கும். நமக்கு விஷம் இல்லை, நாய்க்கு விஷம். முட்டி வலி மாத்திரையும் அப்படித்தான். டப்பாவிலிருந்து எடுக்கும்போது ஒன்று கீழே உருண்டால், அப்புறம் தேடலாம் என்று விடாதீர்கள், உங்களுக்கு முன்னால் அது கண்டுபிடித்துவிடும். கழுத்துப் பட்டையில் ஒரு சின்னச் சலங்கை கட்டுங்கள். ராத்திரி பாத்ரூம் போக எழுந்தால் அது எங்கே இருக்கிறது என்று தெரியும், கால் தடுக்காது.

வருகிறதற்கு மணி என்று பெயர் வைக்காதீர்கள். ஆறு வயது நாய்க்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கும், அதையே கூப்பிடுங்கள்.

அப்புறம், தீபாவளி முடியட்டும். புது வீட்டில் முதல் வெடிச்சத்தத்துக்கே சுவர் தாண்டி ஓடிவிடும், திரும்பி வர வழியும் தெரியாது. பட்டாசுச் சத்தம் அடங்கினதும் தேட ஆரம்பியுங்கள். அதற்குள் கோவில்பட்டிக்கு ஒரு போன் போட்டு, குட்டி வேண்டாம் என்பதையும் அவனிடம் வேறு என்ன வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.