வகுப்பறைக் கேள்விகள்: இரண்டு மடங்கா, நான்கு மடங்கா?

கேள்வி: ஒன்பதாம் வகுப்பில் 40 பேர். ஸ்மார்ட் போர்டில் வீடியோ போட்டால் அமைதியாகப் பார்க்கிறார்கள். கேள்வி கேட்டால் அதே நான்கு கைகள்தான் எழுகின்றன. மற்றவர்களைப் பேசவைப்பது எப்படி?
– அறிவியல் ஆசிரியை, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: பேச்சுக்கு முன்னால் ஓட்டெடுப்பு வையுங்கள். ஹார்வர்டில் இயற்பியல் நடத்தும் எரிக் மசூர் 1991 முதல் கையாண்ட முறை இது. பாதிப் பேராவது தப்பாகச் சொல்லக்கூடிய கேள்வியாகத் தேட வேண்டும், கஷ்டமான வேலை அதுதான்.

உதாரணம்: 25 செ.மீ. நூலில் தொங்கும் தனி ஊசல் ஒருமுறை போய்வர 1 விநாடி. 2 விநாடி ஆக நூல் எவ்வளவு இருக்க வேண்டும்? 35, 50, 75, 100 செ.மீ.

முதல் ஒரு நிமிடம் யாரும் பேசக்கூடாது. தனியாக யோசித்து ஓட்டு. கைதூக்கச் சொன்னால் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துத் தூக்குவார்கள். பிளிக்கர்ஸ் அட்டை இதற்குத் தோது. ஆளுக்கொரு கறுப்புக் கட்ட வடிவம். எந்தப் பக்கம் மேலே வருகிறதோ அதுவே விடை. அடுத்தவருக்குப் புரியாது, பிளிக்கர்ஸ் செயலி போட்ட உங்கள் செல்போன் கேமரா படித்துவிடும். பிள்ளைகளுக்குப் போன் தேவையில்லை. அட்டைக்குப் பளபள லேமினேஷன் மட்டும் வேண்டாம்: டியூப்லைட் பட்டு மின்னினால் கேமரா திணறும். விரல் கறுப்பை மறைத்தாலும் அதே கதிதான்.

சரியான விடை 30 முதல் 70 சதவீதம் என்றால், வேறு விடை போட்டவரோடு 3 நிமிடம் வாதாடவிட்டு மறுபடி ஓட்டு. 30க்குக் கீழே போனால் பேசவிட்டுப் பயனில்லை, பாடத்தை மீண்டும் நடத்துங்கள். பலர் சறுக்குவது ஓரிடத்தில்: முதல் ஓட்டின் முடிவைத் திரையில் காட்டிவிடுகிறார்கள். மொத்த வகுப்பும் அதிகம் பேர் போட்ட 50 செ.மீ.க்குச் சாய்ந்துவிடும், விவாதம் அதோடு சரி.

அடுத்து நிஜ ஊசல். நூலில் ஒரு நட்டைக் கட்டி, தொங்கும் புள்ளியிலிருந்து நட்டின் நடுவரை அளக்கவும், முடிச்சுவரை அல்ல. 10 அலைவுக்கு நேரம் பார்த்துப் பத்தால் வகுக்கவும். ஸ்டாப்வாட்சைத் தட்டும்போதே 'ஒன்று' என எண்ணத் தொடங்கினால் ஓடியது 9 அலைவுதான். 1 விநாடி 0.9 ஆகிவிடும். 'பூஜ்யம்' என்று தொடங்கச் சொல்லுங்கள். 50 செ.மீ.க்கு 1.4 விநாடி, 100க்குத்தான் 2. நீளம் நான்கு மடங்கு, நேரம் இரு மடங்கு.

கணினி இதற்குப் பிறகு போதும். கொலராடோ பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் ஃபெட் (PhET) பாவனைச் செயலியில் அதே 25 செ.மீ. ஊசலை நிலவில் ஆட்டிப் பாருங்கள்: சுமார் 2.5 விநாடி. அதை வகுப்பில் வேறெப்படிக் காட்டுவது?

கேள்வி: ஜியோஜீப்ரா என்ற வடிவியல் மென்பொருளில் தசமம் இல்லாமல் வைத்து முக்கோணத்தின் கோணங்களைக் கூட்டினால் 179 வருகிறது. மென்பொருள் கோளாறா?
– கணித ஆசிரியர், கடலூர்

பதில்: இல்லை. 60.4, 60.4, 59.2 ஆகியவை திரையில் 60, 60, 59 ஆகத் தெரிகின்றன. தசம இடத்தை 2 ஆக்கினால் அந்த வித்தியாசம் கிட்டத்தட்ட மறையும். ஆனால் அவசரப்பட்டு மாற்றாதீர்கள், நல்ல கேள்வி தானாக வந்து மாட்டியிருக்கிறது! காணாமல்போன 1 டிகிரி எங்கே என்று கேளுங்கள். முனையை இழுத்து 181 வரவழைக்கச் சொல்லுங்கள். ஒரு கோணம் 300 என்று வந்தால் அது வேறு சங்கதி. புள்ளிகளைத் தொட்ட வரிசை மாறியதால் பின்வளை கோணம் (180 டிகிரிக்கு மேற்பட்ட வெளிப்பக்கக் கோணம்) அளக்கப்பட்டிருக்கும். வரிசையைத் திருப்பித் தொட்டால் 60 வந்துவிடும்.