விட்டுவிட்டு வேகமா, சீரான நடையா?

கேள்வி: மாரடைப்புக்குப் பின் என் கணவரின் இதயம் பலவீனமாகிவிட்டது. விட்டுவிட்டு வேகமாக நடப்பது சீரான நடையைவிட நல்லது என்கிறார்களே, உண்மையா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: நார்வேயின் த்ரொன்ஹைம் நகரில் உல்ரிக் விஸ்லோஃப் குழுவினர் 2007-இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகே இந்தப் பேச்சு வலுப்பெற்றது. உங்கள் கணவரைப் போன்ற 27 நோயாளிகளில் ஒரு பிரிவினர், நாடித்துடிப்பு அதன் உச்சத்தில் 90 முதல் 95 சதவீதத்தை எட்டும்படி நான்கு நிமிடம் ஏற்றத்தில் நடப்பதும், மூன்று நிமிடம் தளர்வாக நடப்பதுமாக நான்கு சுற்றுகள் பயின்றனர். மற்றொரு பிரிவினர் 70 சதவீத அளவில் இடைவிடாமல் நடந்தனர். 12 வாரங்களில் உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் முதல் பிரிவில் 46 சதவீதமும் இரண்டாவதில் 14 சதவீதமும் உயர்ந்தது; விரிந்திருந்த இதயத்தின் இடது கீழறையின் அளவு குறைந்ததும் முதல் பிரிவில்தான்.

ஆனால், 261 பேரைக் கொண்டு ஐரோப்பிய மையங்கள் பலவற்றில் நடந்து 2017-இல் வெளிவந்த ஆய்வில் அந்த மேன்மை தென்படவில்லை. வேகப் பிரிவில் பாதிப் பேர் குறித்த வேகத்தை எட்டவில்லை. மிதப் பிரிவிலோ 80 சதவீதத்தினர் வரம்பைத் தாண்டிவிட்டனர். (மனிதர்கள் அட்டவணைப்படி நடப்பதில்லை!)

ஆகவே சீரான நடையே போதிய தொடக்கம் என்பது என் கருத்து. பீட்டா பிளாக்கர் மாத்திரை நாடித்துடிப்பைக் குறைத்துவிடுவதால், உச்ச நாடித்துடிப்பை அறிய 220-இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு, அதை உட்கொண்டால் அவருக்குப் பொருந்தாது. வேகத்தைக் கூட்டுமுன் டிரெட்மில் பரிசோதனை செய்து, இதய மருத்துவரிடம் வரம்பைக் கேட்டுக்கொள்ளுங்கள்.